பாலாற்றங்கரையின் பழைய நிழற்படங்கள்

பழைய நிழற்படம் ஒன்று கைக்கு வந்தால் நாம் முதலில் தேடுவது முகத்தை. அடுத்துத் தேடுவது பெயரை. முகம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. பெயர் கிடைப்பது அரிது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் நீளும் தோல் தொழில் ஊர்களின் வரலாற்றை எழுத முனைவோர் கோட்டைக் கல்வெட்டுகளையும் அரசாங்கக் குறிப்பேடுகளையும் புரட்டுகிறார்கள். நீதிமன்றத் தீர்ப்புகளையும் படிக்கிறார்கள். வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள், பழைய பட்டுப்புடவையோடு கிடக்கும் படங்களை வரலாற்றுச் சான்று என்று மதித்துப் புரட்டுவோர் மிகச் சிலரே. ஒரு தலைமுறை மறைவதற்குள் செய்யவேண்டிய வேலை இது என்பதால் இங்கே இதைச் சற்று விரிவாக எண்ணிப் பார்க்கிறோம்.

நிழற்படக் கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சென்னையில் கலைப் பள்ளியை 1850-இல் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர், 1856-இல் சென்னை நிழற்படக் கழகத்தையும் நிறுவினார். அதே 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள்தான் தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நிலையம்வரை ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த இருப்புப்பாதை குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்குக் கரையை நோக்கி நீண்டது. பதனிட்ட தோல் கட்டுகள் சென்னைத் துறைமுகத்துக்குப் போனதும், படக்கருவியும் கண்ணாடித் தகடுகளும் உள்நாட்டுக்கு வந்ததும் இந்த ஒரே பாதையில்தான்.

வந்தவர்கள் எதைப் படம் பிடித்தார்கள்? கோட்டையை. அகழியை. ஜலகண்டேசுவரர் கோவிலின் கல்யாண மண்டபத்தை. பாயும் குதிரைகளும் யாளிகளும் செதுக்கிய அந்தத் தூண்களை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலர் படமெடுத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பெர்குசன் 1876-இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை வரலாற்றிலும் வேலூர்த் தூண் ஒன்றின் உருவம் உண்டு. இப்படங்களில் ஓர் ஆழ்ந்த வெறுமை தெரியும். மண்டபத்தில் ஆள் இல்லை, விளக்கு இல்லை, மாலை இல்லை. இந்த வெறுமைக்குக் காரணங்கள் இரண்டு. இரண்டையும் அறியாமல் படத்தைப் படித்தால் தவறாகவே படிப்போம்.

முதலாவது, கோவிலே அப்போது வெறுமையாகத்தான் இருந்தது. போர்களுக்குப் பின் வழிபாடு நின்றுபோய், படைக்கலக் கிடங்காகவும் அது பயன்பட்டது. 1981-ஆம் ஆண்டில்தான், சத்துவாச்சாரியில் வைத்திருந்த இலிங்கம் மீண்டும் உள்ளே வந்து வழிபாடு தொடங்கியது. ஆகவே அந்தப் பழைய படங்கள் காட்டுவது ஒரு கோவிலின் நெடுங்கால மௌனத்தை. இன்று அங்கே மாலை வேளையில் சென்று நெரிசலில் நிற்பவருக்கு அந்தப் படத்தைக் காட்டினால் நம்ப மறுப்பார்.

இரண்டாவது காரணம் கருவியைச் சார்ந்தது. அந்நாளில் கண்ணாடித் தகட்டில் ஒருவகைப் பசையைப் பூசி, வெள்ளி உப்பில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆகவேண்டும். கூடாரத்தையே இருட்டறையாக்கிக்கொண்டு, வேலூர் வெயிலில் இதைச் செய்தவர்களின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும். தகட்டின்மேல் ஒளி பல நொடிகள் விழவேண்டியிருந்ததால், அசையாத கல் தெளிவாக விழுந்தது. நடந்து போன மனிதர் புகைபோல் கலைந்தார், அல்லது அடியோடு மறைந்தார். பாரிசில் தாகேர் 1838-இல் எடுத்த தெருப் படம் இதற்குப் பெயர் பெற்ற சான்று. வண்டிகளும் மக்களும் நிறைந்த வீதி அது; படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓரிடத்தில் அசையாது நின்ற ஒருவர் மட்டும் பதிந்திருக்கிறார். தம் காலணிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்ததால் அவர் அசையவில்லை. மெருகேற்றியவரின் உருவம் அவர் காலடியில் நிழலாகத் தெரிகிறது. நிழற்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் இவர்களே என்பர். இருவர் பெயரும் எவருக்கும் தெரியாது. தோல் ஊர்களில் வாழும் நமக்கு, அந்த முதல் படத்தில் ஒரு தோல் காலணி இருப்பது வியப்பையும் சற்று வருத்தத்தையும் தருகிறது.

வேலூரின் மிகப் பெரிய நாளுக்கோ படமே இல்லை. 1806 ஜூலை 10-இல் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது நிழற்படம் பிறக்கவில்லை. அந்த எழுச்சிக்கு உடனடிக் காரணமாக இருந்த புதிய தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பாடநூல்களில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி இது.

நிழற்படமும் தோல் தொழிலும் பிறப்பிலேயே உறவினர் என்பதைப் பலர் அறியார். 1871-இல் ரிச்சர்டு மாடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஈரப் பசைக்கு மாற்றாக ஜெலட்டின் பூசிய உலர் தகட்டை அறிமுகம் செய்தார். ஜெலட்டின் என்பது என்ன? விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. நம் தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்திய வச்சிரத்தின் தூய்மையான உடன்பிறப்பு. தோல் பதனிடும்போது வெட்டி எறியும் துண்டுகளும் சவ்வும் இத்தகைய பசைகளுக்கு மூலப்பொருள். நம் தாத்தா பாட்டியின் திருமணப் படத்தில் அவர்கள் முகத்தைத் தாங்கி நிற்கும் மெல்லிய படலம் அதுவேதான்.

உறவு அங்கே முடியவில்லை. 1839-இல், எடின்பரோ நகரில், மங்கோ பாண்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் பொட்டாசியம் பைகுரோமேட் ஒளிபட்டால் மாறுதல் அடைவதைக் கண்டறிந்தார். அந்த உப்பைக் கலந்த ஜெலட்டின் மேல் ஒளி விழுந்தால், விழுந்த இடம் மட்டும் இறுகி, நீரில் கரையாததாகிவிடும். பச்சைத் தோல் பதனாவது போன்ற மாற்றமே இது. இதழ்களில் படம் அச்சிட ஒருகாலத்தில் நாம் செய்வித்த பிளாக்குகளும் இந்த முறையின் வழிவந்தவையே. அதே குரோமிய உப்புகள்தான் பிற்காலத்தில் நம் தொழிற்சாலைகளின் மரப்பீப்பாய்களுக்குள் புகுந்தன. சென்னையில் குரோம் பதனிடும் முயற்சியை 1903 அளவில் தொடங்கியவர் ஆல்பிரட் சாட்டர்டன். தொடங்கிய இடம், ஹண்டர் நிறுவிய அதே கலைப் பள்ளி. குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயர் அத்தொழிலின் நினைவாக நிற்கிறது.

குரோமுக்கு முன் இங்கே இருந்தது பட்டை முறை. அதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அதைக் காட்டும் படங்கள் மிகக் குறைவு. உப்பிட்டு வந்த தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் நாள் கணக்கில் இறக்குவார்கள். மயிர் இளகியபின் சாய்ந்த மரக்கட்டையின்மேல் போட்டு, இருபுறமும் கைப்பிடி கொண்ட வளைந்த கத்தியால் மயிரையும், பின்பு உட்புறச் சதையையும் வழிப்பார்கள். சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம்பட்டைச் சாறு நிரம்பிய குழிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றி, வாரக் கணக்கில் ஊறவிடுவார்கள். கடுக்காய்ச் சாற்றில் முடித்து, எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்துவார்கள். குழிக்குள் இறங்கி மிதித்தவரின் காலும் கையும் பட்டையின் நிறத்தையே ஏற்றன. மருந்தென்று நம் பாட்டிமார் போற்றிய ஆவாரை, காட்டுமேட்டிலிருந்து வண்டி வண்டியாக இக்குழிகளுக்கு வந்தது. பின்னர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்து அதற்குத் துணையாயிற்று. இவ்வாறு பதனிட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் இலண்டன் ஏலங்களில் விலைபோயிற்று. முதல் உலகப் போரில் அரசே இதை மொத்தமாக வாங்கிப் படைவீரரின் பூட்சுக்கு மேல்தோல் ஆக்கியது. பிளாண்டர்ஸ் சேற்றில் நடந்த பூட்சுகளுக்குள் பாலாற்றுக் கரையாரின் உழைப்பும் இருந்தது. அப்போரின் படங்கள் ஆயிரமாயிரம் உண்டு. குழிக்குள் நின்றவரின் படம்?

இல்லை என்று சொல்லிவிட முடியாது. மிக அரிது என்று சொல்லலாம். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நாற்றமும் சாதியும் படக்காரரைத் தொலைவில் நிறுத்தின. தொழிலை நடத்திய வாணியம்பாடி, மேல்விசாரம், ஆம்பூர் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் தங்கள் பள்ளிகளையும் கல்லூரிகளையும் படமெடுத்து வைத்தன. 1919-இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரி அவர்கள் பெருமை. குழியில் இறங்கியவர்களோ பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களைப் படம் பிடித்த ஆங்கில அலுவலருக்கும் அவர்கள் ஒரு ‘வகை’யாகவே தோன்றினர். 1868-இலிருந்து 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ என்ற நூலும், எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலும் இதற்குச் சான்று. படத்தின் கீழ் சாதிப் பெயர் இருக்கும். ஆளின் பெயர் பெரும்பாலும் இராது. தாய் தந்தையர் சூட்டிய பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. கேட்க எவருக்கும் தோன்றவில்லை. எழுத்தாளர் டி. செல்வராஜ், திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பற்றி எழுதிய ‘தோல்’ நாவல் 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. படக்கருவி தவறவிட்டதை நாவல் ஓரளவு ஈடுசெய்தது என்பது நம் கருத்து.

மறைப்பணியாளர் எடுத்த படங்கள் இன்னொரு வகை. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியதும், 1902-இல் மருத்துவமனை எழுந்ததும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியதும் நாம் அறிந்தவை. சாலையோர மரத்தடிகளில் அவர் நோயாளரைப் பார்த்த காட்சிகள் உலகெங்கும் சென்றன. அமெரிக்கத் திருச்சபையாரின் மனத்தைத் தொட்டுப் பொருள் திரட்டுவது அவற்றின் நோக்கங்களுள் ஒன்று. நல்ல நோக்கமே, இன்று வேலூரில் உயர்ந்து நிற்கும் மருத்துவமனையில் அந்தப் படங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆயினும் இத்தகைய மறைப்பணிப் படங்கள் பலவற்றில் மருத்துவரின் பெயர் இருக்கிறது. பாயில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் தாய் வெறும் ‘நோயாளி’. அவர் குடியாத்தம் பக்கத்தவரா, எந்தத் தெருவினர், அக்குழந்தை பிழைத்ததா? அறிய வழியில்லை. நம் சபைக் குருக்கள் எடுத்த படங்களிலும் இந்தக் குறை இல்லாமல் இல்லை. நடுவில் அமர்ந்தவரின் பெயர் இருக்கும். ‘பங்கு மக்களுடன்’ என்று முடிந்துவிடும்.

இப்படித்தான் இருந்தாகவேண்டும் என்பது விதியன்று. எடின்பரோவுக்கு அருகே நியூஹேவன் என்றொரு மீனவச் சிற்றூர். 1840-களின் நடுவில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்னும் ஓவியரும் இராபர்ட் ஆடம்சன் என்னும் இளைஞரும் அங்கே சென்று, கூடை சுமந்து மீன் விற்ற பெண்களையும் படகோட்டிகளையும் படமெடுத்தார்கள். இவர்கள் இருவரையும் சேர்த்துவைத்தது ஒரு திருச்சபை நிகழ்ச்சி: 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுற்றபோது வெளியேறிய போதகர்களை எல்லாம் ஒரே ஓவியத்தில் தீட்ட ஹில் விரும்பினார், முகங்களைப் பதிவுசெய்ய நிழற்படத்தை நாடினார். போதகர்களை எடுத்த அதே அக்கறையோடு மீனவப் பெண்களையும் எடுத்தார்கள். அவர்களுள் சிலர் பெயர் இன்றும் நிற்கிறது: எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால், ஜீனி வில்சன், ஆனி லிண்டன். மீன்கூடை சுமந்த பெண்ணின் பெயர் 180 ஆண்டுகளாக வாழ்கிறது. பின்னாளில் அபர்டீன் நகரின் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன், டண்டியின் வேலண்டைன் நிறுவனத்தார் ஆகியோர் ஊர் ஊராகப் படமெடுத்து விற்றார்கள். வில்சனின் நிறுவனம் விட்டுச்சென்ற 37,000-க்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகளை அபர்டீன் பல்கலைக்கழகம் காத்துவருகிறது. அந்நாட்டின் சிற்றூர்களில் இன்றும் ஆர்வலர்கள் பழைய படங்களைத் திரட்டி, தெருவையும் கடையையும் ஆளையும் அடையாளம் கண்டு, தம் ஊர் வரலாற்றை நூலாக்குகிறார்கள். அவர்களிடம் பெரிய செல்வம் இருந்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. பாட்டியிடம் கேட்டு எழுதிவைத்தார்கள்.

நம்மிடம் ஒரு பெரும் துணை இருக்கிறது. படத்தில் முகம் உண்டு, பெயர் இல்லை. பங்குப் பதிவேட்டில் பெயர் உண்டு, முகம் இல்லை. திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது முதல், எழுதிவைப்பது நம் குருக்களின் கடமையாயிற்று. வேலூர் மறைமாவட்டம் 1952-இல்தான் உருவானது. ஆனால் பழைய பங்குகளின் ஏடுகள் அதற்கு முந்தியவை. திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர், நாள் எல்லாம் உண்டு. அரசுக் கணக்கில் எண்ணிக்கையாக மட்டும் இருந்த ஒரு கூலித்தொழிலாளியின் மகள், அந்த ஏட்டில் முழுப் பெயரோடு இருக்கிறாள். பிற மதச் சகோதரர்களுக்கு இவ்வாறான ஏடுகள் எளிதில் கிடைப்பதில்லை. முதல் நற்கருணைக் குழுப் படத்தையும் அந்த ஆண்டின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாதி முகங்களுக்காவது பெயர் கிடைக்கும்.

பெயர் மட்டுமன்று, நிலமும் நீரும்கூட இப்படங்களில் சாட்சி சொல்கின்றன. குடும்பத்தார் வரிசையாக நிற்கப் பின்னால் தற்செயலாக விழுந்த கிணறு, தென்னை, நெல்வயல் ஆகியவற்றை இப்போது உற்றுப் பார்க்கவேண்டும். பாலாறு எக்காலத்திலும் ஆண்டு முழுவதும் கரைபுரண்ட ஆறு அன்று. அப்படிக் கற்பனை செய்வது வரலாறாகாது. மணலுக்குள் ஊற்றுக்கால் வெட்டி நீரெடுத்த ஆறு அது. பொங்கினால் பொங்கியதுதான்: 1903 நவம்பரில் மைசூர் எல்லையில் ஏரிகள் உடைந்து, வாணியம்பாடியின் ஒரு பகுதியையே வாரிச் சென்றது. மற்ற நாள்களில் கிணறே உயிர். மாடு பூட்டிய கவலையில், சாலின் அடியில் தைத்த தோல் வால் வழியாக நீர் வாய்க்காலில் கொட்டிய காட்சியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. தோல் தைப்பவரின் கைவேலை உழவருக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்த காலம் அது.

அந்தக் கிணறுகள் என்ன ஆயின? 1972-க்குப் பின் அரசின் ஏற்றுமதிக் கொள்கை, அரைப்பதத் தோலை விடுத்து முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருளையும் ஊக்குவித்தது. வேலைவாய்ப்பு பெருகியது; ஆம்பூர்க் காலணி உலகச் சந்தைக்குச் சென்றது. பல்லாயிரம் பெண்கள் முதன்முறையாக மாதச் சம்பளம் கண்டார்கள். இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. கூடவே உப்பும் குரோமியமும் நிலத்தில் இறங்கின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதி இழந்துவிட்டதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இவ்வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டைக் கழிவுநீர் நிலையத்தில் சேற்றுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் இதே பகுதி மாசு குறித்து மீண்டும் கட்டளைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. நீர் எப்படி இருந்தது, வயல் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு ஆய்வகத்தாள் ஒருவகை விடை தரும். 1960-களின் திருமணப் படத்தின் பின்னணியும் ஒருவகை விடை தரும். இரண்டையும் சேர்த்தே வைக்கவேண்டும்.

படங்களின் எதிரிகள் பல. ஈரம், கரையான், வெள்ளையடிப்பு. பழைய படநிலையங்கள் மூடப்பட்டபோது கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிச் சட்டத்துக்குக் கண்ணாடியாக்கியதும், படச்சுருள்களை வெள்ளிக்காகக் காய்ச்சியதும் எங்கும் நடந்தவை. இப்போது கைப்பேசியால் ஒரு நொடியில் நகலெடுத்துவிடலாம் என்பது பெரும் வசதி. ஆனால் பெயரில்லாத படத்தை நகலெடுத்தால் பெயரில்லாத நகல்தான் கிடைக்கும்.

வாசகர் எவரேனும் முயலலாம். குழுப்படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து, ஒவ்வொரு தலையையும் கோட்டால் வரைந்து, எண் இடுங்கள். எண்பது வயதுடைய ஒருவர் முன் அதை வையுங்கள். அவர் உடனே பெயர் சொல்லமாட்டார். “இவர் சுண்ணாம்புக் குழி மேஸ்திரிக்கு மச்சான்”, “இந்த அக்கா பெரிய மாதா கோவில் தெருவில் வாழ்க்கைப்பட்டவர்” என்று உறவால்தான் தொடங்குவார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பெயர் பின்னால் வரும். படத்தின் பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். மை சில ஆண்டுகளில் முன்பக்கம் ஊறி, முகத்தையே கெடுத்துவிடும். வரிசையின் கடைசியில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவரைப் பெரியவருக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். ஆண்டு தெரிந்தால் பதிவேட்டில் தேடிவிடலாம். ஆண்டைக் காணச் சட்டத்தின் பின்னால் அறைந்திருக்கும் சிறு ஆணிகளை மெல்லக் கழற்ற வேண்டும். படநிலையத்தின் முத்திரையும் தேதியும் பல நேரங்களில் அந்த அட்டைக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன.